ஒரு டன் குளிர்ச்சி

சென்னையில் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில், மாடிப்படி ஏற இயலாத அன்னையாருக்கென்று 10 அடிக்கு 12 அடியில் ஓர் அறை கட்டினோம். அறை முடிந்ததும் சித்திரை பிறந்தது. முதல் இரவே அன்னையார் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பிவிட்டார். பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளம் இரவெல்லாம் அதைக் கக்கியது.

வயோதிகருக்கு வியர்வை குறைவு. தாகமும் எளிதில் தெரியாது. ஆகையால் உஷ்ணம் அவர்களுக்கு ஆபத்தானது. "எனக்கு எதற்கடா அதெல்லாம்? விசிறி போதாதா?" என்று அன்னையார் தடுத்தும் கடைக்குப் புறப்பட்டோம்.

சினிமாக் கொட்டகைகளில் தகரக் குழாய்களின் வழியே குளிர்காற்று வருகிறது. ஒற்றை அறைக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. நீர் ஊற்றும் கூலர் வறண்ட டில்லிக் கோடைக்கு உகந்தது. கடற்கரை ஊரில் புழுக்கத்தையே பெருக்கும். ஜன்னல் ஏ.சி.யின் இரைச்சல் அறைக்குள் கேட்கும். ஸ்பிளிட் ஏ.சி.யிலோ இரைச்சலிடும் பாகம் வெளியே நிற்கிறது. சுவரில் சிறு துவாரம் போதும். அதையே தேர்ந்தோம். உதகை போன்ற குளிர்ப் பிரதேச வாசகர்கள், வெப்பமும் தரவல்ல வகையைக் கேட்டு வாங்கலாம். சாதாரண ஹீட்டரைவிடக் குறைந்த மின்சாரத்தில் அது அதிக வெப்பம் தரும்.

இனி அளவு. 24 மணி நேரத்தில் ஒரு டன் பனிக்கட்டியை உருக்கக்கூடிய உஷ்ணத்தை அகற்றும் சக்தியே 'ஒரு டன்'. 1842-ல் நம் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸில், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்தார்கள். கப்பல் போயிற்று, பனிக்கட்டியின் கணக்கு மட்டும் கடைச் சீட்டில் நிற்கிறது!

"தளத்தில் வெயில் படுகிறது, ஒன்றரை டன் வேண்டும்" என்றார் கடைக்காரர். உபாத்தியாயருக்கு அது பெருந்தொகை. தவிரவும், அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் விரைவில் குளிர்வித்து ஓய்ந்துவிடும். காற்றின் ஈரத்தை வாங்க அவகாசம் இராது. நோய் தளத்தில் இருக்க, மருந்தை ஏன் சுவரில் மாட்டவேண்டும்? கொத்தனாரை வரவழைத்துச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தில் இட்டு, வெயிலைத் திருப்பும் வெண்ணிற ஓடு பதித்தோம். பிறகு ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யே போதுமானதாயிற்று.

2020 முதல், நட்சத்திர முத்திரை பெற்ற புதிய ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி செய்யப்பட்டது. அன்னையாருக்கு 26 டிகிரியும் மெதுவாகச் சுழலும் மின்விசிறியுமே சுகமாயிருக்கின்றன. புதிதாக அறை கட்டும் நேயர்கள் முதலில் தளத்தைக் கவனித்துப் பின்னர் இயந்திரத்தை வாங்குவார்களாக. எர்த்துடன் தனி வயர் இழுப்பதையும், நீர் வடியும் குழாய்க்குச் சாய்வு வைப்பதையும் மறக்கலாகாது.

அன்னையார் இப்போது அந்த அறையில்தான் உறங்குகிறார். பனையோலை விசிறியை மாத்திரம் தலைமாட்டிலிருந்து அகற்ற அவர் சம்மதிக்கவில்லை. மின்சாரம் நின்ற ஓர் இரவில், அவர் சொன்னதே சரியென்று ஒப்புக்கொண்டோம்.