விருப்பப் பாடலும் அம்பாப் பாடலும்

தீவக மக்களின் விருப்பப் பாடல்கள் எவை என்னும் விவாதம் ஊர்காவற்றுறையில் எழுந்தாலென்ன, நெடுந்தீவில் எழுந்தாலென்ன, திரையிசையே என்பர் ஒருசாரார். கருநாடக இசையே உயர்ந்தது என்பர் மறுசாரார். கரைவலை இழுத்தோர் பாடிய அம்பாவை இருசாராரும் மறந்துவிடுகின்றனர்.

1967 வரை ‘ரேடியோ சிலோன்’ என வழங்கிய இலங்கை வானொலி, நேயர் விருப்பமறிந்து பாடல்களை ஒலிபரப்பியது உண்மையே. ஆயினும், நிலையத்திலிருந்த இசைத்தட்டுகளுள் ஒன்றையன்றி வேறெதனை நேயர் கேட்டிருத்தல் கூடும்? கடையில் இல்லாத பொருளை எவரும் விலை பேசுவதில்லை. அவ்விருப்பத்தை மக்கள் சுவையின் இறுதித் தீர்ப்பெனக் கொள்வது தவறு.

அம்பாவிற்கோ நேயர் என்போரே இலர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடி வலையை இழுத்தனர், பாடியோரே கேட்டோருமாவர். அதனைப் பாமரர் பாட்டென ஒதுக்குவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும்: பல கைகளை ஒரே கணத்தில் இயக்கிய அத்தாளம் வழுவுடையதாயின் வலை கரை சேர்ந்திராது!

சினிமாவை மட்டும் பழித்துப் பயனில்லை. இயந்திரப் படகு தொழிலை மாற்றியது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு பாடியோரைச் சிதறடித்தது. எஞ்சிய முதியோரிடம் சொற்களை மட்டும் எழுதி வருதல் போதாது. மெட்டையும் இழுப்பின் தாளத்தையும் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். அதனைச் செய்யாத தமிழாய்வுக்கு, எப்பாடல் சிறந்தது எனத் தீர்ப்புக் கூறும் தகுதி ஏது?