கோபுரம் அங்கே, பாறை இங்கே

நாடு டிஜிட்டலாகிறது என்கிறார்கள். எந்த நாடு என்பதுதான் என் கேள்வி.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். நோய்க்காலம், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இனி இணையவழிக் கற்பித்தல் என்று அறிவித்தவர்கள், அந்த வழி எந்த ஊர்வரை போகிறது என்று பார்த்தார்களா? நானும் வட்ஸ்அப்பில் பாடக்குறிப்பு அனுப்பினேன். போன் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவவிலோ பிள்ளைகளும் ஆசிரியையும் காட்டுப் பாதையால் நடந்து, பாறையுச்சியில் ஏறிச் சிக்னல் பிடித்தார்கள். லுணுகலையில் மரத்தின்மேல் பரண். 2021இல் வெளிநாட்டுப் பத்திரிகைகள் படம் போட்டதும், "என்ன ஆர்வம்!" என்று மெச்சினார்கள் நம்மவர்கள் சிலர். வேறு வழியிருந்தால் எந்தப் பிள்ளை ஐயா பாறையில் ஏறும்?

இதே தீவில்தான் பேரை வாவிக் கரையில் 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரம் நிற்கிறது. சீன வங்கிக் கடனில், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் திட்டமாக எழுந்தது. 2019 செப்டெம்பரில் திறப்பு விழா வைத்தார்கள். ஊவா மலையில் சிக்னலுக்குப் பாறை தேடியது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

கிராமத்துக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். இ-ஸ்ரீலங்கா திட்டத்தில் நெனசல நிலையங்கள் வந்தன. 2014இல் அவற்றுக்குக் கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் பரிசும் கிடைத்தது. நல்லது. ஆனால் மானியம் குறையக் குறைய நிலையம் தன் வருமானத்திலேயே நிற்க வேண்டுமாம். சந்தைக்கு இலாபம் தராத ஊர் என்றுதானே அரசாங்கம் அங்கே வந்தது?

விலைக்கணக்கு இதைவிட மோசம். நகரத்து வீடு மாதக் கட்டணத்தில் ஃபைபர் இணைப்பு எடுக்கிறது. கூலிக்குப் போகிறவர் அன்றன்றைக்கு ஐம்பது, நூறு என்று ரீலோட் போடுகிறார். சீனியை மூட்டையாக வாங்குபவருக்கு ஒரு விலை, நூறு கிராம் சுருளுக்கு இன்னொரு விலை என்பது நம் கடைத்தெரு அறிந்ததுதான். ஒரு ஜீபீக்குக் கணக்குப் பார்த்தால் ஏழைதான் கூடக் கொடுக்கிறார். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானபோது அதிலும் அவருக்குச் சலுகை இல்லை. 2022இல் எரிபொருளுக்கே கியூஆர் கேட்டார்களே, அதற்குப் பதிவு செய்யவும் இணையம்தான் வேண்டியிருந்தது.

கம்பனிகளின் வரைபடத்தில் எங்களூருக்கும் நிறம் பூசியிருக்கிறது. ஆணைக்குழு அதிகாரிகள் அதை மடித்து வைத்துவிட்டு, மழைநாளில் தரம் 11 வகுப்பின் கடைசி வாங்கில் ஒரு சாதாரணப் போனோடு வந்து இருக்கட்டும். நாற்பது நிமிடப் பாடம் அறுபடாமல் ஓடினால் மட்டும் எங்களூரைக் கணக்கில் சேர்க்கட்டும்.