கைக்குக் கடிகாரமா? கடிகாரத்துக்குக் கையா?

செருப்பு வாங்கினால் போட்டுப் பார்க்கிறோம். கடித்தால் "வேண்டாம்" என்கிறோம். சட்டை தைத்தால் அளவு கொடுக்கிறோம்.

கைக்கடிகாரம் வாங்கும்போது என்ன செய்கிறோம்? அதன் முகத்தைப் பார்க்கிறோம். விலையைப் பார்க்கிறோம். அவ்வளவுதான்! அது கையில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

இந்தப் பழக்கம் மாற வேண்டும். கடிகாரம் நாள் முழுவதும் தோலை ஒட்டிக் கிடக்கும் பொருள். அதற்கும் அளவு உண்டு.

கைக்கு வந்த கதை

முன்பு கைக்கடிகாரம் பெண்களின் நகையாக இருந்தது. ஆண்கள் கடிகாரத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பதுங்கு குழியில் நின்ற சிப்பாய்க்குப் பையைத் துழாவ நேரம் ஏது? கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டான். 1918-ல் போர் முடிந்தது. பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. தொழிற்சாலை கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி அதற்குத் துணை நின்றது. 1984-ல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. கடிகாரம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஆனால், அதைக் கட்டும் முறையை யாரும் சொல்லித் தரவில்லை!

எங்கே கட்டுவது?

மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஓர் எலும்பு புடைத்திருக்கும். தொட்டுப் பாருங்கள். கடிகாரம் அதன் மேல் ஏறக் கூடாது. அதைத் தாண்டி, முழங்கைப் பக்கமாகச் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் கையை மடக்கலாம். சாவி கொடுக்கும் குமிழ் புறங்கையில் குத்தாது.

எவ்வளவு இறுக்குவது?

பட்டைக்கும் கைக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழைய வேண்டும். கையை உதறினால் கடிகாரம் சுற்றிக்கொண்டு அடிப்பக்கம் போகக் கூடாது. இதுதான் அளவு.

வெயில் ஏறினால் கை சற்று உப்பும். காலையில் சரியாக இருந்த பட்டை, பிற்பகலில் இறுக்கும். அப்போது ஒரு துளை தளர்த்துங்கள்.

நாடித் துடிப்பை எண்ணும் கடிகாரங்கள் இன்று வந்துள்ளன. அவை தோலுக்குள் பச்சை ஒளி பாய்ச்சி எண்ணுகின்றன. தளர்வாக இருந்தால் கணக்குத் தவறும். உடற்பயிற்சி செய்யும்போது ஒரு துளை இறுக்குங்கள். முடிந்ததும் தளர்த்திவிடுங்கள்.

இறுகினால் என்ன?

கட்டைவிரல் பக்கம் தோலுக்குச் சற்றுக் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது. பட்டை அதை அழுத்தினால் கட்டைவிரலின் பின்புறம் மரத்துப் போகும். வியர்வையும் சோப்பும் உள்ளே தங்கிப் புண்ணாகும். கவரிங் கம்மல் போட்டால் சிலருக்குக் காது அரிக்கும். அதற்கு நிக்கல் என்ற உலோகம் காரணமாக இருக்கலாம். கடிகாரச் செயினும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

தளர்ந்தாலும் ஆபத்துதான். தொங்கும் செயின் இயந்திரத்தில் மாட்டினால் கையையே இழுத்துவிடும். சுழலும் இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

மாப்பிள்ளை கடிகாரம்

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் போடுகிறோம். பளபளக்கும் செயின்! அது வளையல் போல் முழங்கை வரை ஓடுகிறது. கொடுத்தவர் மனம் புண்படுமே என்று அவரும் பேசாமல் இருக்கிறார்.

செயினில் சில கண்ணிகளைக் கழற்றினால் போதும். சில நிமிஷ வேலை. வாங்கும் முன் ஒரு நூலால் கையை அளந்து கடைக்குக் கொண்டு போங்கள். கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கை பருத்தால் உதவும். அளவு பார்க்காமல் செயின் கடிகாரம் கொடுப்பது, பித்தான் வைக்காமல் சட்டை கொடுப்பது போல. கடைக்காரர்கள் இதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். நாமும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

தோல் பட்டையில் ஆணியால் துளை போடாதீர்கள். பட்டை கிழியும். கடையில் அதற்கென்றே கருவி இருக்கிறது.

சின்ன விஷயமா?

"ஒரு பட்டைக்கு இத்தனை பேச்சா?" என்று கேட்கலாம்.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த இணைப்புதான் உயிர்நாடி. பட்டை அழுத்தினால் அது அடைபடக்கூடும். அந்தக் கையில் கடிகாரமே கட்டக் கூடாது. மறு கையில் தளர்வாகக் கட்டலாம்.

வழக்கமாகக் கட்டும் கடிகாரம் சில நாட்களாகத் திடீரென்று இறுகுகிறதா? கையில் பள்ளம் விழுகிறதா? காலும் வீங்கியிருக்கிறதா? பட்டையை மாற்றுவதோடு விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். பாட்டி, தாத்தா, பிள்ளைகள் எல்லோர் கையையும் பாருங்கள். பட்டைக்குள் சுண்டுவிரல் நுழையாவிட்டால், இன்றே தளர்த்தி விடுங்கள்!