கல்லறை அவர்களுக்கு, கடல் நமக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போயிருந்தேன். கூட வந்த அலுவலக நண்பர் வழியெல்லாம் ஒரே பெருமை: ‘1613ல டச்சுக்காரன் கட்டின கோட்டை சார்!’ போய்ப் பார்த்தால் கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் மண்மேடும்தான். கோட்டை போய்விட்டது, டச்சுக் கல்லறைகள் போகவில்லை. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்க, உள்ளே கல்லில் வெட்டிய பெயர்கள், தேதிகள். அரசாங்கமே பாதுகாக்கிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. வரவைப் பார்த்தால் பற்று எங்கே என்று கேட்பவன். இந்தக் கோட்டையின் பற்றுக் கணக்கு எங்கே?

1622-23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து டச்சுக் கம்பெனி கப்பலேற்றிய அடிமைகள் சுமார் 1,900 பேர். 1659-61இல் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சாவூர்ச் சீமையைச் சூறையாடியபோது நாகப்பட்டினம், பழவேற்காடு உள்ளிட்ட இடங்களில் கம்பெனி விலைக்கு வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர். பெரும்பாலோரை இலங்கைக்கு அனுப்பினார்கள். மிச்சப் பேரை பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். இவர்களில் யாருக்கு இங்கே கல்லறை?

இதைச் சொன்னதும் நண்பர் உச்சுக் கொட்டினார். ‘வெள்ளைக்காரன் கொடுமைக்காரன் சார்.’

வாங்கினவன் வெள்ளைக்காரன், சரி. வித்தது யாரு? ஆளை விலைபேச டச்சுக்காரனா வந்து கத்துக்கொடுத்தான்? அவன் கப்பல் வருவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே, சோழர் காலத்தில், கோயிலுக்கு ஆள் விற்றதைக் கல்வெட்டாக வெட்டிவைத்த மண் இது. கப்பலேறியவர்கள் எல்லாருமே சேரி மக்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படையும் பஞ்சமும் வரும்போது முதலில் பட்டினி கிடப்பவன் நிலமில்லாதவன். உழுதவனை நிலமில்லாதவனாக வைத்தது எந்த டச்சுக்காரன்? அதைச் செய்தது சாதி. கம்பெனிக்குக் கப்பல்தான் தேவைப்பட்டது. அடிமைத்தனம் இங்கேயே தயாராக இருந்தது.

வெள்ளையனின் அடிமை வியாபாரத்தைத் திட்டுகிற வாய், ஊர்ப் பண்ணையடிமையைப் பற்றி மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது? இரண்டையும் சேர்த்துப் பேசாத வரலாறு பாதிக் கணக்கு. பாதிக் கணக்கைப் பொய்க் கணக்கு என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம்.

பழவேற்காட்டுக்குச் சுற்றுலா போகும் மாணவத் தோழர்களே, கல்லறையோடு திரும்பிவிடாதீர்கள். கடற்கரைக்குப் போய் நில்லுங்கள். இங்கிருந்து கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்லாவது நடு என்று அரசாங்கத்திடம் கேளுங்கள். பெயர் தெரியாவிட்டால் எண்ணிக்கையை வெட்டட்டும். வாங்கியவன் யார், விற்கும்படி வைத்தது எது, இரண்டையும் வெட்டட்டும்.