மணியம் போச்சு, கும்பிடு போகவில்லை

காந்திகிராமம், சின்னாளபட்டி, அம்பாத்துரைப் பக்கத்துக் குடியானவனுக்கும் நெசவாளிக்கும் சர்க்கார் என்பது டில்லியுமல்ல, சென்னையுமல்ல, வி.ஏ.ஓ. என்னும் கிராம நிர்வாக அலுவலரின் ஆபீசுதான். நிலத்தின் பட்டா, அடங்கல், பிள்ளைக்கு ஜாதிச் சான்று, வருமானச் சான்று, கிழவிக்கு முதியோர் பென்ஷன் ஆகிய எதற்கும் அங்கே போகாமல் தீராது.

இந்த நாற்காலியின் பூர்வோத்தரம் நமது வாலிபர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1895-ம் வருஷத்துச் சென்னைப் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டப்படி மணியமும் கர்ணமும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து. வாரிசு மைனராயிருந்தால் உத்தியோகத்தை அவன் பேரில் பதிந்துவிட்டு, வயது வருகிறவரை வேறொருவன் வேலை பார்க்க வேண்டியது! அதே சட்டம்தான் தலையாரிக்கும் தோட்டிக்கும் வெட்டிக்கும். அதாவது, மணியக்காரன் மகன் மணியக்காரன், தோட்டி மகன் தோட்டி. மனுதர்மத்தைச் சட்டப் புஸ்தகத்தில் ஏற்றி வைத்த புண்ணியம் வெள்ளைக்காரனுடையது.

1960-ல் தெனாலி தாலுகா வழக்கொன்றில், இப்படி வம்சம் பார்த்து உத்தியோகம் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். மந்திரிசபை அந்தப் பழைய உத்தியோகங்களையே அவசரச் சட்டத்தால் ஒழித்தது. வழக்குக்குப் போனார்கள், 1982-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒழித்தது சரியென்றது. இன்று பரீட்சையில் தேறி, இடஒதுக்கீட்டின்படி எவர் மகனும் மகளும் அங்கே உட்காரலாம்.

நிற்க. நாற்காலியில் ஆள் மாறியும், எதிரில் நிற்பவன் மாறினானா என்பதே நம் கேள்வி. ஒரு ஆபீசு வாசலில் நாம் கண்டதைச் சொல்லுகிறோம். வயதான நெசவாளி ஒருவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். பேத்தியின் படிப்புக்கு வருமானச் சான்று வேண்டும். வருவது மூன்றாம் தடவை. மூன்று நாள் கூலியும் போச்சு. பக்கத்திலிருந்த தரகன், "கொஞ்சம் கவனியுங்கள்" என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதைக் கோவிலில் கற்ற ஜனங்கள் ஆபீசிலும் அதை நியாயமென்றே நினைக்கிறார்கள். லஞ்சம் வாங்குகிறவன் அயோக்கியன்தான். ஆனால் சான்றைப் பிரசாதம் என்று எண்ணுகிற புத்தி இருக்கிறவரை அவனுக்கு என்ன பயம்?

2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில், "என் மனு யாரிடம், எத்தனை நாளாய்க் கிடக்கிறது?" என்று கேட்கலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையிலேயே நாம் எழுதிக் கொடுத்தோம். கையெழுத்துப் போடுமுன் பெரியவர், "ஐயா கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்றார். அந்த 'ஐயா'வுக்கு அவருடைய பேரன் வயதிருக்கும்.

எழுதப் படிக்கத் தெரிந்த தோழர்கள் வாரத்தில் ஒரு மாலை தங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து இம்மாதிரி மனுக்களை எழுதிக் கொடுக்கலாம். காகிதமும் பேனாவும் போதும்.