துவிச்சக்கரவண்டி விளக்கும் எதிரே வருபவர் கண்ணும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் எழுதற்குத் தகுதியுடையார் பலர் உளர் என்பதை எண்ணி, யாம் துவிச்சக்கரவண்டியின் விளக்கைப் பற்றி எழுதத் துணிந்தோம். பொருள் மிகச் சிறிதென்று நகைப்பவர் நகைக்க. கார்த்திகை மாதத்திலே ஆறு மணிக்கு முன்னரே பொழுதுபட்டு, மழையிருட்டும் வந்து கூடிய பின்னர், தனியார் வகுப்பு முடிந்து சண்டிலிப்பாய் ஒழுங்கைகளினூடாக வீடு திரும்பும் மாணவரை ஒருகால் நின்று பார்த்தவர் நகையார். பலருடைய வண்டியில் விளக்கே இல்லை. சிலருடைய வண்டியில் இருக்கும் விளக்கோ இல்லாமையினும் கேடானது. இப்பின்னைய வகுப்பாருள் யாமும் ஒருவராய் இருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளல் முறை.

சில ஆண்டுகளின் முன் புதிதாய் ஒரு விளக்கு வாங்கினோம். மூன்று கண்கள் உடையது. பல்லாயிரம் லூமன் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருந்தது. அதனை வண்டியின் கைபிடியிற் பூட்டிக்கொண்டு, வழுக்கையாற்றின் வயலோரமாய் ஓர் இரவு வந்தபொழுது, பனை உச்சிவரை வெளிச்சம் ஏறியதைக் கண்டு சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தோம். எதிரே ஒரு முதியவர், கரியலில் மூட்டையொன்றைக் கட்டியபடி வந்துகொண்டிருந்தார். அவர் ஒரு கையை உயர்த்திக் கண்ணை மறைத்தார். மறு கணம் வண்டி தெருவோரத்தை விட்டு வாய்க்காலில் இறங்கியது. மூட்டை நீரிலே; முழங்காலில் இரத்தம். தூக்கி நிறுத்தினோம். அவர் எம்மை வையவில்லை. “தம்பி, உமக்கு றோட்டு முழுக்கத் தெரிஞ்சிருக்கும். எனக்கு ஒண்டும் தெரியேல்லை” என்றார், அவ்வளவே. அன்றுமுதல் விளக்கைப் பற்றி யாம் கற்றவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

எம் மாணவப் பருவத்தில் விளக்கென்றால் டைனமோ. முன்சில்லின் பக்கத்தே போத்தல் வடிவில் நிற்கும். தலையை ரயரோடு சாய்த்துவிட்டால் உரசிச் சுழன்று 6 வோல்ற்று, 3 உவாற்று மின்னைத் தரும். அதில் 2.4 முன்விளக்குக்கு, 0.6 பின்விளக்குக்கு. மிதி கனக்கும், ரயர் தேயும், மழையில் நனைந்தால் தலை வழுக்கும், நின்றால் விளக்கும் நின்றுவிடும். இத்தனை குறையிருந்தும் அது எதிரே வந்தவர் கண்ணைக் குருடாக்கியதில்லை. ஒளி சிறிது என்பது மட்டுமன்று காரணம். அச்சிறிய ஒளியை வீணாக்கலாகாது என்று கருதி, அதனை நிலத்தின்மேல் விழச் செய்யும் தெறிகண்ணாடியும் வரிக்கண்ணாடியும் அமைத்தார்கள். விளக்கின்றிச் செல்வாரைப் பொலிசார் மறித்த காலம் அது. பொலிசுக்காரரைத் தூரத்திற் கண்டவுடன் இறங்கி வண்டியை உருட்டிச் செல்லும் வித்தையைக் கல்லூரியிற் கற்பித்தாரில்லை. ஆயினும் கல்லாதாரும் இல்லை.

அந்த டைனமோவுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோய், மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருளான பின்னர், வண்டியைத் தலைகீழாய் நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலியை இயக்கிச் செய்தி கேட்டது எம் தலைமுறை. வீட்டிலே ஜாம் போத்தல் விளக்கு, முற்றத்திலே சுழலும் சில்லு. அக்காலத்தை அறியாத இளைஞருக்கு இது கதைபோல் இருக்கும்.

இன்று ஒளிகாலும் இருவாயி, அதாவது கடைக்காரர் எல்.ஈ.டி. என்பது, விளக்குலகையே மாற்றிவிட்டது. நீல ஒளி தரும் இருவாயியை ஆக்கிய யப்பானியப் பிறப்பினர் மூவர்க்கு 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளொளி விளக்கு அதன் வழிவந்ததே. அதே 3 உவாற்றைக்கொண்டு பழைய குமிழினும் பல மடங்கு ஒளியை இப்பொழுது பெறலாம். ஒளி மலிந்தவிடத்து அதனை நெறிப்படுத்தும் கவலை குறைந்தது. மலிவான விளக்குகள் பல வட்டமாய், எல்லாப் பக்கமும் ஒளியை வாரி இறைக்கின்றன. பாதி வானத்துக்கும் வேலிக்கதியாலுக்கும் எதிரே வருவார் முகத்துக்கும் போகின்றது. ஆகலின், விளக்கு வாங்கச் செல்லும் மாணவன் கேட்கவேண்டிய முதற் கேள்வி எவ்வளவு ஒளி என்பதன்று, அவ்வொளி எங்கே விழுகின்றது என்பதே. ஜேர்மனியிலே துவிச்சக்கரவண்டி முன்விளக்கின் ஒளி மேற்புறம் வெட்டப்பட்டதாய், எதிரே வருபவர் கண்ணிற் படாததாய் இருத்தல்வேண்டும் எனச் சட்டமே உண்டு. அந்நாட்டில் வாழும் பழைய மாணவர் ஊருக்கு வரும்பொழுது சொக்கிலேற்றுக்குப் பதிலாக அத்தகைய விளக்கு இரண்டைக் கொணர்வாராயின் யாம் குறைகூறோம்.

பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்பற்க. எம் மூன்றுகண் விளக்கின் மின்கலத்தில் 9,900 மில்லி அம்பியர் மணி என்றிருந்தது. விரலளவான அவ்வகை இலிதியக் கலத்தில், நல்ல கம்பனியார் செய்தது ஏறக்குறைய 3,500 கொள்ளும். ஏனையது மை. எத்தனை மணிநேரம் எரியும் என்பதை வீட்டில் ஓர் இரவு எரியவிட்டுப் பார்த்தலே சோதனை. மாரியில் ஓடுபவர் நீர் புகாத விளக்கையே கொள்ளவேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முன்விளக்கைப் பற்றி இத்தனை பேசினோம். ஆயினும் கையில் ஒரு விளக்குக்கே பணம் உள்ள மாணவனுக்கு, தெருவிளக்குள்ள பெருந்தெருவால் மட்டும் போகின்றவனாயின், முதலிற் சிவப்புப் பின்விளக்கை வாங்குமாறே சொல்வோம். மானிப்பாயிலிருந்து சண்டிலிப்பாய் ஊடாகச் சங்கானைக்குச் செல்லும் தெருவில் பேருந்தும் பாரவண்டியும் பின்னாலிருந்தே வருகின்றன. விடியுமுன் மரக்கறி மூட்டையோடு சந்தைக்குச் செல்லும் கமக்காரரின் நிலையும் இதுவே. அவருடைய மட்காட்டிலுள்ள சிறு தெறிப்பானையும் மூட்டை மறைத்துவிடுகின்றது. விளக்கை மூட்டைக்கு வெளியே கட்டவேண்டும். கரியலிற் புத்தகப்பை வைக்கும் மாணவருக்கும் இது பொருந்தும். விட்டுவிட்டு மின்னும் பின்விளக்கை யாம் விரும்புவதில்லை. பார்வையை இழுக்கும் என்பது மெய்தான். எவ்வளவு தூரத்தில் வண்டி செல்கின்றது என்று கணிப்பதோ கடினமாகின்றது.

ஒழுங்கையும் வயற்பாதையும் வேறு இயல்பின. அங்கே வாகனமில்லை, கிடங்கும் கல்லும் வேரும் உண்டு. மழை விட்ட இரவில் கண்ணாடிவிரியனும் உண்டு. அகன்று, தாழ்ந்து, அருகே விழும் ஒளியே அங்கு உதவும். கைபிடிக்குக் கீழே தாழப் பூட்டிய விளக்குக் கிடங்கின் நிழலை நீளச் செய்து காட்டும். தோட்டத்துக்கு இரவில் நீரிறைக்கச் செல்வோர் நெற்றியிற் கட்டும் விளக்கோ, ஒளியும் கண்ணும் ஓரிடத்திருந்தே நோக்குவதால் நிழலைக் காட்டாது. கிடங்கும் சமதரைபோல் தோன்றும். முடுக்குத் திரும்பும்போது தலை திரும்பிய பக்கத்தைக் காட்டுவது அதன் சிறப்பு. ஆனால் வழியில் ஒருவரைக் கண்டு “யார், அண்ணையோ?” என்று நிமிர்ந்தால் அண்ணை குருடாகிவிடுவார்.

டைனமோவை முற்றாய்க் கைவிடல் தகாது என்பதும் எம் கருத்து. சில்லின் குடத்துக்குள்ளேயே அமைந்த டைனமோவை 1930களிலேயே இங்கிலாந்தில் ஸ்ரேமி ஆச்சர் கம்பனியார் செய்தனர். ரயரைத் தொடாதது, மழையில் வழுக்காதது. இக்காலத்து விளக்கோடு இணைத்தால், நின்ற பின்னரும் சில நிமிடம் எரியுமாறு சிறிது மின்னைச் சேமித்தும் வைக்கும். விலை கூடியது, ஊரிற் கிடைப்பதும் அரிது. ஆயினும் மின்னேற்ற மறந்தேன் என்ற சாட்டுக்கு அதில் இடமில்லை.

எவ்விளக்கை வாங்கினாலும் அதனைச் சாய்க்கும் அளவை அறியாவிடிற் பயனில்லை. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவர் ஒரு விநாடியில் நான்கு மீற்றருக்கு மேல் செல்கின்றார். கிடங்கைக் கண்டு, பிறேக்கைப் பிடித்து, நிற்பதற்குப் பத்து மீற்றர் முன்னே தெரிதல் வேண்டும். ஆகவே வண்டியைச் சுவரொன்றிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிறுத்தி, ஒளியின் நடுப்பகுதி விளக்கின் உயரத்திற் பாதியளவில் சுவரிற் படுமாறு சாய்த்து இறுக்கினாற் போதும்; அது பத்தாம் மீற்றரில் நிலத்தைத் தொடும். இதற்குக் கருவி வேண்டியதில்லை. எம் மூன்றுகண் விளக்கையும் இவ்வாறு சாய்த்து, மேற்பாதிக்குக் கறுத்தத் தகரத்தில் இமையொன்று வெட்டி ஒட்டியே இன்று ஓடுகின்றோம்.

பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். விழாவுக்கென வெள்ளையடிக்கும்போது, வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு அணித்தாயுள்ள சுவரொன்றைத் தெரிந்து, அதிலிருந்து ஐந்து மீற்றரில் நிலத்தில் ஒரு கோடும், சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கோடும் கறுப்பு மையால் இழுத்துவிடுக. தூரிகையும் மையும் யாம் தருவோம்.