ஃப்யூஸ் கட்டையோடு வயரையும் மாற்றுங்கள்

நம் நகரங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அடுக்குமாடிகள் பலவற்றில், மாடிப்படிக்குக் கீழே பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன. ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் நிலவரம் புரிந்துவிடும். அளவான ஃப்யூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், வயரிலிருந்து உரித்தெடுத்த தாமிர இழைகளை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அடிக்கடி ஃப்யூஸ் போகிறதே என்று யாரோ செய்த கைவைத்தியம் அது. அதன் பிறகு லோடு மீறினாலும் ஃப்யூஸ் போகாது. சுவருக்குள் இருக்கும் வயர்தான் காயும்.

அந்த வயரிங் போட்ட காலத்தில் ஒரு வீட்டுக்குச் சில டியூப்லைட்டுகள், மின்விசிறிகள், ஒரு டிவி, அவ்வளவுதான் லோடு. இன்று 2,000 வாட் கீசர் மட்டுமே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. ஏசியும் இண்டக்‌ஷன் அடுப்பும் அதற்கு மேல். மின்னோட்டம் இரு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். ஆண்டுக்கணக்கில் சூடேறிய பிவிசி உறை இறுகிப்போய், வளைத்தாலே விரிசல் விடுகிறது.

ஃப்யூஸ் போர்டை எடுத்துவிட்டு லோடு மீறினால் தானே துண்டிக்கும் எம்சிபி பெட்டி மாட்டினால் போதும் என்று பல குடியிருப்போர் சங்கங்கள் நினைக்கின்றன. அது பாதி வேலைதான். ஃப்யூஸைப் போலவே எம்சிபியும் ஆளைத் தாக்கும் சிறு மின்கசிவை உணராது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். புதிய மின் இணைப்புகளுக்குத் தமிழகத்தில் அது கட்டாயம். ஆனால், உறை கெட்ட பழைய வயரில் அதைப் பொருத்தினால் கசிவினால் ஓயாமல் ட்ரிப் ஆகும். சலித்துப்போய் அதை பைபாஸ் செய்துவிடுவார்கள். ஆகவே போர்டு, வயர், எர்த் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

“ஆட்கள் குடியிருக்கும்போது எப்படி?” என்று தள்ளிப்போடுவது சரியல்ல. பழைய போர்டை ஓடவிட்டே பக்கத்தில் புதியதை நிறுத்தலாம். சுவரை உடைக்காமல் சுவரின் மேலேயே பொருத்தும் மூடியுள்ள பட்டையான கேசிங் கேப்பிங்கில் வயர் இழுத்து, ஒவ்வொரு சர்க்யூட்டாக வயர் உறையின் காப்புத் திறனை அளக்கும் மெகர் சோதனை செய்து மாற்றிக்கொண்டு வரலாம். மீட்டரிலிருந்து மேலே செல்லும் மெயின் கேபிளை மாற்றும்போதுதான் மொத்தமாக மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே அறிவித்து, முதியவர்களும் நோயாளிகளும் இருக்கும் வீடுகளுக்கு மாற்று ஏற்பாடு செய்வது சங்கத்தின் கடமை. வேலையை அரசு உரிமம் பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும்.

செலவு யாருடையது என்பதிலும் குழப்பம் வேண்டாம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் வயரிங் பராமரிப்பை வீட்டு உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. வாடகைதாரர் தலையில் அதைக் கட்டுவது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல.

அரசும் ஒதுங்கி நிற்கக் கூடாது. 25 ஆண்டுகளைக் கடந்த குடியிருப்புகள் அனைத்துக்கும் குறிப்பிட்ட கால இடைவெளியில் மின் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். வசதியற்ற உரிமையாளர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுவில் வெளிப்பூச்சுக்கும் லிஃப்ட் அலங்காரத்துக்கும் முன்னால், வயரிங்கை முதல் தீர்மானமாக வையுங்கள்.